சட்டைப்பைக் கேமராவும் நாலாவது அண்ணனும்

புக்கிட் ரோத்தானில் எந்தத் தமிழ் வீட்டுக்குள் வேண்டுமானாலும் நுழையுங்கள். சுவரில் தொங்கும் குடும்பப் படத்தைப் பாருங்கள். அதில் நாலாவது அண்ணன் இல்லையென்றால், என் கேமராவை, அதன் பை, லென்ஸ்கள், அதைத் தூக்கித் தூக்கி எனக்கு வந்த முதுகுவலி எல்லாவற்றோடும் சேர்த்து உங்களிடமே ஒப்படைத்துவிடுகிறேன். சாமி படம் இல்லாத வீடுகூட எங்கள் ஊரில் ஒன்றிரண்டு இருக்கலாம். அவர் படம் இல்லாத வீடு கிடையாது.

இத்தனைக்கும் அவர் யாருக்கும் சொந்தக்காரர் இல்லை. வீடு வீடாகக் கேஸ் போடுகிறவர். மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் கேஸ் தோங்கைத் தொங்கவிட்டுக்கொண்டு, தாமான் என்று நாங்கள் சொல்லும் குடியிருப்புகளை ஒவ்வொன்றாகச் சுற்றுவார். ஊரில் சிலிண்டர் என்று சொன்னால் யாருக்கும் புரியாது, தோங் என்றால்தான் அடுப்பு எரியும். அவருடைய உண்மையான பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். நாலாவது என்றதும் வீட்டில் நாலாவதாகப் பிறந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். படத்தில் நாலாவதாக நிற்கிறவர்.

மூன்று பேராகச் சேர்ந்து நின்று படம் எடுக்கக் கூடாது, எடுத்தால் நடுவில் நிற்பவருக்கு ஆகாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள் இல்லையா? நாமெல்லாம் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, கொஞ்சம் பயந்து, அப்புறம் எடுத்துக்கொண்டுவிடுவோம். அவரால் முடியாது. தெருவில் எங்கேயாவது மூன்று பேர் கேமராவுக்கு முன்னால் நிற்பதைப் பார்த்துவிட்டால், தூக்கிக்கொண்டிருக்கும் தோங்கை அப்படியே கீழே போட்டுவிடுவார்.

"யாருலா அது மூணு பேரா நிக்கிறது? ஆளக் கொல்லப் பாக்குறீங்களா?"

அப்புறம் நடப்பதெல்லாம் மின்னல் வேகம். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன கேமரா வெளியே வரும். தேங்காய்ப்பூ வாங்கி வந்த பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருப்பார். அதை எடுத்துத் தோங்கின் தலையில் உட்கார வைப்பார். தானாகப் படம் எடுக்கும் பொத்தானை அழுத்துவார். கேமராவின் நெற்றியில் சிவப்பு விளக்கு துடிக்கும். பிடித்தார் பாருங்கள் ஓட்டம், ஓரத்தில் போய் நாலாவதாக நின்றுவிடுவார். கிளிக்.

கணவன், மனைவி, ஒரு பிள்ளை என்று அளவாகக் குடும்பம் நடத்துகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். முதல் பிறந்தநாள், பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாள், பட்டமளிப்பு, எல்லாவற்றிலும் அந்தப் பிள்ளையோடு அவரும் வளர்ந்துகொண்டே வருவார். ஈப்போவிலிருந்து வந்த ஒருவர் எங்கள் தெருவில் வரிசையாகச் சில வீடுகளுக்குப் போனார். சுவர்களைப் பார்த்தார். "இந்த மனுசனுக்கு எத்தனை குடும்பம்லா" என்று சொல்லிவிட்டு, போட்டு வைத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

ஊர்க்காரர்களான எங்களுக்கு இதெல்லாம் பழகிவிட்டது. எவ்வளவு பழகிவிட்டது என்றால், படத்தில் அவர் இருப்பதே எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. மின்விசிறி, நாள்காட்டி, நாலாவது அண்ணன். இந்தப் பழக்கம்தான் பின்னால் என் தலையில் இடியாக இறங்கியது.

அதற்கு முன்னால் என் கேமராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. ரவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. கல்யாணம் ஆகாத ஆண்பிள்ளை ஒன்று நாய் வளர்ப்பான், அல்லது கேமரா வாங்குவான். நாய்க்கு என்னைப் பிடிக்கவில்லை. ஆகவே மிரர்லெஸ் கேமரா ஒன்றை வாங்கினேன். அன்றாடம் கையோடு எடுத்துப் போவதற்கு இதைவிடச் சிறந்தது இல்லை என்று இணையத்தில் ஓர் ஆள் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார். அந்த ஆள் இருப்பது குளிர்நாட்டில் என்பதை நான் கவனிக்கவில்லை.

பெட்டியைப் பிரித்த அன்றே நாலாவது அண்ணன் கேஸ் கொண்டுவந்தார்.

"என்னா கேமரா தம்பி இது?"

"மிரர்லெஸ்ணே."

"அப்படின்னா?"

"கண்ணாடி இல்லாத கேமரா."

அவர் அதை வாங்கித் திருப்பினார். லென்ஸை நகத்தால் தட்டினார். எனக்கு உயிர் போய் வந்தது.

"இது கண்ணாடி இல்லியா?"

"அது லென்ஸுண்ணே. பழைய பெரிய கேமராவுல உள்ளுக்குள்ள ஒரு கண்ணாடி இருக்கும். அத எடுத்துட்டாங்க."

"எடுத்துட்டா வெல கொறையணும்லா?"

 இந்தக் கேள்விக்குக் கேமரா செய்கிறவர்களிடமே பதில் இருக்காது என்று நினைக்கிறேன். மறுநாள் காலைக்குள் செய்தி தாமான் முழுக்கப் பரவிவிட்டது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் தலையில் வெறும் கேமராவைக் கட்டிவிட்டார்களாம். பக்கத்து வீட்டம்மா வேலியோரம் வந்து நின்று என் அம்மாவுக்கு ஆறுதல் சொன்னார்: "வுடுங்க, புள்ளைய திட்டாதீங்க. கிள்ளானுக்குப் போனா கண்ணாடிய மட்டும் தனியா வாங்கிப் போட்டுக்கலாம்."

கேமராவை அன்றாடம் தூக்கிக்கொண்டு போக முயன்ற கதை இன்னும் சோகமானது. முதல் நாள் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்கு மாட்டிக்கொண்டு போனேன். வழியில், அடைத்துக்கிடந்த சாக்கடை ஒன்றில் ஒரு கொக்கு அழகாக நின்றது. கேமராவைத் தூக்கினேன். கொக்கு பறந்துவிட்டது, ஆட்கள் கூடிவிட்டார்கள். நான் பத்திரிகைக்காரனாம். "நல்லா புடி தம்பி, எத்தன மாசமா சொல்றோம்" என்று ஒருவர் சாக்கடையைக் காட்டினார். இன்னொருவர் தன் வீட்டுக் குழாயில் வரும் கலங்கல் தண்ணீரைப் போத்தலில் பிடித்துக்கொண்டு வந்தார். அடுத்த நாள் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். நம் ஊர் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூசணம் பிடிக்குமென்று அதற்குத் தனியாக ஒரு காற்றுப்புகாத பெட்டி வாங்கி, அதற்குள் படுக்க வைத்தேன். பிறகு, எப்போதாவது ஒரு விடுமுறை நாளைத் தவிர, அது அங்கேயே சுகமாகத் தூங்கியது. அன்றாடம் தூக்கிப்போக வாங்கிய கேமரா அன்றாடம் எங்கேயும் போகவில்லை.

அவருடைய கேமராவோ எல்லா இடத்துக்கும் போனது. "ஒரு கையில தோங்கு, ஒரு கையில ஸ்பேனரு. ஓங் கேமராவ நான் கழுத்துல மாட்டுனேன்னு வையி, தோங்குல இடிச்சி தோங்கும் போச்சி, கேமராவும் போச்சி, நானும் போச்சி" என்பார். கைப்பேசியில் எடுக்கலாமே என்று கேட்டால், "மொதலாளி கூப்பிட்டு ஏசுற சாமான்ல நல்ல காரியத்தப் படம் புடிக்கலாமாலா?" என்று திருப்பிக் கேட்பார்.

நியாயமாகப் பேசினால், படத்தின் தரத்தில் அவருடையது என்னுடையதற்குக் கிட்டேயே வராது. இருட்டினால் அதற்குக் கண் தெரியாது. கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் படகில் போனபோது அவர் எடுத்த படம் முழுக்கக் கறுப்பு. அதையும் எல்லாருக்கும் காட்டினார். "எங்கண்ணே மின்மினி?" என்றால், "உள்ளுக்குள்ள இருக்கு, படத்த எடுக்குறப்ப நான் பாத்தேன்லா" என்பார். அன்று நான் எடுத்த படத்தில் மின்மினி தெரிந்தது உண்மை. படகு ஆடியதில் ஒவ்வொன்றும் முறுக்கு மாதிரி தெரிந்தது.

ஒரே ஒரு தடவை என் கேமராவை அவர் பாணியில் உபயோகித்துப் பார்த்தோம். எதிர்வீட்டில் புருஷன், பெண்டாட்டி, கைக்குழந்தை. என் மிரர்லெஸைத் தோங்கின் தலையில் வைத்தோம். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் லென்ஸின் கனத்தில், நாங்கள் ஓடிப்போய் நிற்பதற்குள் அது மெதுவாகத் தலைகுனிந்துவிட்டது. வந்தது கால்களின் படம். என்ன ஒரு துல்லியம். எதிர்வீட்டம்மாவின் குதிகால் வெடிப்பைப் பார்த்துவிட்டு அவர் கணவர் அதிர்ந்துபோய், அன்று மாலையே களிம்பு வாங்கி வந்தார். அந்த வகையில் என் கேமராவால் ஒரு குடும்பத்துக்கு நன்மை நடந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சபாக்கில் இருக்கும் என் பெரியம்மா ஒரு வரன் கொண்டுவந்தார். பெண் பெயர் மாலதி. பல் மருத்துவரிடம் உதவியாளர் வேலை. என் அம்மாவுக்கு இது கடைசி நம்பிக்கை. அதுவரை பார்த்த பெண் வீட்டாரெல்லாம் என் படத்தைப் பார்த்துவிட்டு, ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பியவர்கள். நாங்கள் யாருக்கும் ஜாதகமே கொடுத்ததில்லை.

"இந்தத் தடவ படம் ஒழுங்கா இருக்கணும்டா" என்றார் அம்மா. "இதுவும் போச்சின்னா நான் யார் மொகத்துலயும் முழிக்க மாட்டேன்."

அப்பா, அம்மா, நடுவில் நான். மிரர்லெஸை முக்காலியில் நிறுத்தினேன். வெளிச்சம் பார்த்தேன், திரைச்சீலை மாற்றினேன், கைப்பேசியிலிருந்தே பொத்தானை அழுத்தினேன். படத்தைப் பெரிதாக்கி அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் முகத்தில் இருந்த ஒவ்வொரு குழியும், காதோரத்து ஒவ்வொரு நரைமுடியும், மூக்கு நுனி வியர்வையும் தனித்தனியாகப் பெயர் வைத்துக் கூப்பிடலாம் போலத் தெரிந்தன.

"இதப் பாத்தா பொண்ணு வூட்டுல சம்மதம் சொல்ல மாட்டாங்கடா. டாக்டர அனுப்பி வைப்பாங்க."

அந்த நேரம் பார்த்து நாலாவது அண்ணன் வாசலில் மோட்டாரை நிறுத்தினார். அன்று அவருக்கு விடுமுறை. கோயிலுக்குப் போய்விட்டுத் தேய்த்த சட்டையோடு வந்திருந்தார். உள்ளே மூன்று பேர் வரிசையாக நிற்பதைப் பார்த்ததும் அவருக்கு மூச்சே நின்றுவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அடுக்களையிலிருந்த எங்கள் தோங்கைத் தூக்கி வந்தார், தன் கேமராவை அதன்மேல் வைத்தார், ஓடினார், நின்றார். கிளிக்.

அந்தப் படத்தில் என் முகக் குழிகள் எல்லாம் பனிமூட்டத்தில் மறைந்துவிட்டன. நான் ஏறக்குறைய மனிதன் மாதிரி இருந்தேன். "இதுதான்டா படம்" என்று அம்மா அதையே பெரியம்மாவுக்கு அனுப்பிவிட்டார். அனுப்பும்போது மூன்று பேரும் பார்த்தோம். மூன்று பேர் கண்ணுக்கும் மூன்று பேர்தான் தெரிந்தார்கள்.

நாலைந்து நாள் கழித்துப் பெரியம்மா போன் செய்தார். அம்மா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அதை மேசையில் வைத்தார்.

"பொண்ணுக்கு மாப்பிள்ளைய ரொம்பப் புடிச்சிருச்சி" என்றார் பெரியம்மா.

அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டார். அப்பா வானொலியை நிறுத்தினார். நான் தலைமுடியைக் கோதிக்கொண்டேன்.

"நல்ல சிரிச்ச மொகமாம். ஓரத்துல நிக்கிறாருல, அவரத்தான். பொண்ணோட அப்பா அம்மாவுக்கும் பார்த்தவுடனே புடிச்சிருச்சாம். ஆமா, நடுவுல மொறைச்சிக்கிட்டு ஒரு ஆளு நிக்குதே, அது யாரு, மாப்பிள்ளைக்கு அண்ணனான்னு கேட்டாங்க. நானும் இங்க வந்து ரொம்ப வருசமாச்சா, படத்துல சரியா அடையாளம் தெரியல. எல்லாம் எங்க ஆளுங்கதான்னு சொல்லிட்டேன்."

 மூன்று பேரும் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். அப்போதுதான் அவர் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தார். விளக்கு துடிக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நாங்கள் மூன்று பேரும் அடையாள அட்டைக்கு நிற்கிற மாதிரி விறைத்துப்போயிருந்தோம். அவர் மட்டும் ஓடிவந்த மூச்சிரைப்பில், முடி பறக்க, வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டு உயிரோடு நின்றார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பார்த்தால் எனக்குத் தம்பி. கண்ணாடி இல்லாத கேமரா வாங்கிய நான், அன்றைக்குத்தான் முதல்தடவையாகக் கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றேன். பெண்ணின் மேல் தப்பு சொல்ல முடியவில்லை.

மறுநாள் கேஸ் போட வந்தவரிடம் அம்மா அழாத குறையாக விஷயத்தைச் சொன்னார். அவர் கொண்டுவந்த தோங்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். 

"என்னையவா?"

"ஒன்னையத்தான்."

"அம்மா, நான் ஓடியாந்து நின்னது எதுக்கு? நடுவுல நின்னது இவன்லா. இவனுக்கு ஒன்னும் ஆயிடக் கூடாதுன்னுதானே வந்து நின்னேன்."

 தோங்கை மாட்டாமலே போய்விட்டார். அதன்பின் ஆளையே காணோம். வேறு யாரோ கேஸ் கொண்டுவந்தார்கள். பிறகு ஒருநாள் என்னோடு வேலை செய்கிறவன் போன் செய்தான்.

"ஒங்க நாலாவதண்ணன தஞ்சோங் காராங் பக்கம் பாத்தேன்லா. தலைக்கு எண்ண வச்சி வழிச்சி சீவிக்கிட்டு, சபாக் ரோட்டுல பறக்குறாரு. என்னா விசேசம்?"

 மனிதர் மனம் மாறிவிட்டார் என்றே முடிவு கட்டிவிட்டேன். கூப்பிட்டுப் பெண் கொடுக்கிறார்கள், அவருக்கும் வீடென்று ஒன்று இல்லை, கேஸ் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் கிடக்கிறவர். யாராக இருந்தாலும் போகத்தானே செய்வார்கள்? இப்படி நியாயமாக யோசித்துவிட்டு, அவரை அடிக்க ஒரு கட்டையும் தேடி வைத்தேன்.

சபாக்கில் நடந்ததை மாலதி சொல்லித்தான் நான் பிற்பாடு தெரிந்துகொண்டேன். தன்னைத் தப்பித்தவறியும் மாப்பிள்ளை என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, அவர் படத்தில் பறந்த முடியை எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு, கேஸ் கடையின் எண்ணெய்க்கறை படிந்த சட்டையைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். அதுவும் போதாதென்று, தொழிலுக்கு அத்தாட்சியாக ஒரு தோங்கையும் தோளில் சுமந்துகொண்டு அவர்கள் வீட்டுப் படியேறியிருக்கிறார்.

"கேஸுக்குச் சொல்லலியேப்பா" என்றிருக்கிறார் மாலதியின் அப்பா.

"கேஸ் போட வரலைங்க. சம்பந்தம் பேச வந்திருக்கேன்."

அந்தப் பெரியவர் பிடித்துக்கொள்ள நாற்காலி தேடினாராம். இவர் தோங்கை இறக்கி வைத்துவிட்டு, எட்டிப் பார்த்த மாலதியிடம் நேராகவே சொல்லிவிட்டார்.

"பாப்பா, நீ பார்த்தது தப்பான ஆளும்மா. நான் சும்மா எண்ணிக்கைக்கு நிக்கிறவன். மாப்பிள்ளை நடுவுல நிக்கிறவன்."

"அவரு ஏன் அப்படி மொறைச்சிக்கிட்டு நிக்கிறாரு?"

"கேமராவப் பாத்து நிக்கச் சொன்னா அவன் அப்படித்தான். பாக்காதப்ப எப்படி இருப்பான்னு பாரு."

சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் பையைப் பிரித்து, கேமராவின் அந்தச் சின்னத் திரையில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டியிருக்கிறார். எல்லாம் நான். எப்போது எடுத்தாரோ தெரியாது. ஒரு படத்தில் சாக்கடைக்குள் இடுப்பளவு விழுந்துகிடக்கிறேன், கையிலிருக்கும் பிறந்தநாள் கேக்கை மட்டும் தலைக்கு மேல் பத்திரமாகத் தூக்கிப் பிடித்திருக்கிறேன். இன்னொன்றில் யாருடைய கல்யாணத்திலோ வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறேன், என் மேல் யார் வீட்டுப் பிள்ளையோ வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறது. வீட்டுக்குள் வெள்ளம் வந்த அன்று முழங்கால் தண்ணீரில் ரைஸ் குக்கரைத் தலையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கிறேன். எதற்குச் சிரித்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒருவனுக்குப் பெண் கேட்டுப் போகிறவர் காட்டக் கூடாத படங்கள் என்று ஒரு போட்டி வைத்தால், இவற்றுக்குத்தான் முதல் பரிசு. என்னிடம் கேட்டிருந்தால் காலில் விழுந்து தடுத்திருப்பேன். இவருக்கோ, நான் இவற்றில்தான் அழகாக இருக்கிறேன் என்று உண்மையான நம்பிக்கை. என் மிரர்லெஸில் எடுத்த படங்களையும் பிறகு தேடிப் பார்த்தேன். மீன்கொத்தி, தாமரை, மீன்கொத்தி. அதில் என் வீடும் இல்லை, நானும் இல்லை.

மாலதி சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அவளுடைய அப்பாவும் எட்டிப் பார்த்துச் சிரித்து, கடைசியில் அவள் அம்மா கேமராவைக் கையில் வாங்கி முதலிலிருந்து பார்த்தாராம். அன்று மாலையே பெரியம்மா போன் செய்தார்.

"பொண்ணு பாக்க வரச் சொல்லிட்டாங்க. அந்த நடுவுல நிக்கிறவன மறக்காம கூட்டிட்டு வாங்க."

நான் கட்டையைக் கொண்டுபோய்க் கொல்லையில் போட்டேன்.

கல்யாணம் முடிந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். ஒரு சாயங்காலம் மாலதி பேச்சுவாக்கில் சொன்னாள், அன்றைக்குச் சபாக்கிலிருந்து நாலாவது அண்ணன் புறப்படும்போது அவளுடைய அப்பா வாசல்வரை வந்து ஒன்று கேட்டாராம். இவ்வளவு தூரம் வந்து பேசுகிறீர்களே, நீங்கள் அந்தப் பிள்ளைக்கு என்ன வேணும்?

"அவரு என்னா சொன்னாரு?" என்றேன்.

"தோங்கத் தூக்கித் தோள்ல வச்சிக்கிட்டு, 'அண்ணன்லா'ன்னாரு. 'கூடப் பொறந்த அண்ணனா'ன்னு அப்பா கேட்டாங்க. 'ஆமா'ன்னுட்டுப் போயிட்டாரு. ஏங்க, நான் இவ்வளவு நாளா அப்படித்தானே நெனச்சிக்கிட்டு இருக்கேன். இல்லியா?"

 பக்கத்தில் அம்மா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அப்படி ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் பாருங்கள் என்கிற மாதிரி அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அம்மா தலை நிமிரவில்லை.

"சரியாத்தானே சொல்லியிருக்கான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கொத்தைக் கையில் எடுத்தார்.